வெள்ளிக்கிழமை மரக்கறி

வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளவத்தைச் சைவ வீடுகள் பலவற்றில் மரக்கறிதான். மீன் சட்டி முதல்நாளே கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். வாரம் முழுவதும் மச்சம் சாப்பிடுகிறவர்கள்கூட அன்றைக்குக் கோவிலுக்குப் போய்வந்து, பருப்பும் முருங்கையிலை வறையும் தயிருமாகச் சாப்பாட்டை முடித்துக்கொள்வார்கள். சிலர் செவ்வாயையும் சேர்த்துக்கொள்வார்கள். கந்தசஷ்டி வந்தால் ஆறு நாள், கேதாரகௌரி விரதம் வந்தால் இருபத்தொரு நாள். கொட்டாஞ்சேனையில் இந்த வழக்கம் சைவர்களோடு நிற்பதில்லை. புனித லூசியா பேராலயத்தைச் சுற்றியுள்ள கத்தோலிக்க வீடுகளும் தவக்காலத்தில் இறைச்சியை ஒதுக்கிவைக்கும். போயா தினத்தில் நாடு முழுவதும் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும். ஆண்டு நாட்காட்டிக்குள்ளேயே மரக்கறி நாட்களை எழுதிவைத்திருக்கும் நகரம் கொழும்பு.

வீட்டில் சமைக்க நேரமில்லாதவர்களுக்குச் சைவக் கடைகள் இருக்கின்றன. பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜும் கிறீன்லண்ட்ஸும், வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் சண்முகாஸும் பலருக்குத் தெரிந்த பெயர்கள். இப்படிப்பட்ட இடங்களில் சாப்பிடுவதில் ஒரு நிம்மதி உண்டு. மற்றக் கடைகளில் மரக்கறிப் பார்சல் என்று கேட்டு வாங்கினாலும் தேங்காய்ச் சம்பலுக்குள் மாசிக் கருவாடு கிடக்கும். சிலவேளை கீரைச் சுண்டலுக்குள்ளும் கிடக்கும். “மாசி போட்டதோ?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பது கொழும்பில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு நாளாந்தப் பழக்கம்.

இந்த வழக்கத்தின் வேர் மருத்துவத்தில் இல்லை, அறத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய பாலபாட நூல்களிலேயே கொலையும் புலால் உண்ணலும் கடுமையாக விலக்கப்பட்டன. ஓர் உயிரைக் கொல்லாமல் வாழ வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஆய்வுகூடத்தின் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அந்த எண்ணத்தோடு சாப்பிடுகிறவரின் குருதிக்குள்ளும் குடலுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பது தனிக் கேள்வி. அதற்கு அறிவியல் இப்போது ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கிறது. நன்மை உண்டு, பெரிய நன்மை. ஆனால் அது மீனையும் இறைச்சியையும் விட்டதால் மட்டும் வருவதில்லை. விட்ட இடத்தை எதனால் நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்தே வருகிறது. கொழும்புத் தமிழர் தட்டில் இந்த இரண்டாவது பாதிதான் பிசகிக்கொண்டிருக்கிறது.

முதலில் நன்மையைப் பார்க்கலாம். மரக்கறி உணவைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று, அதுவும் மத வழக்கத்தால் மரக்கறி சாப்பிடுகிற மக்களிடம்தான் நடந்தது. செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினர் புகைப்பதில்லை, மது தொடுவதில்லை. அவர்களில் கணிசமானோர் இறைச்சியும் சாப்பிடுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகம் இவர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. ஆய்வாளர்களுக்கு இது அரிய வாய்ப்பு. சாதாரண ஊரில் மரக்கறிக்காரரையும் மற்றவரையும் ஒப்பிட்டால், ஒருவர் புகைப்பார், மற்றவர் புகைக்கமாட்டார். வித்தியாசம் சாப்பாட்டால் வந்ததா சிகரெட்டால் வந்ததா என்று பிரிப்பது சிரமம். இங்கே இரண்டு பக்கத்தாரின் வாழ்க்கை முறையும் பெரும்பாலும் ஒன்று, தட்டுத்தான் வேறு.

2013இல் வெளியான முடிவில் 73,308 பேரின் விபரங்கள் இருந்தன. ஆய்வு நடந்த காலத்தில் மரக்கறி சாப்பிட்டவர்களிடையே இறப்பு வீதம் மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவாக இருந்தது. நீரிழிவில் இடைவெளி இன்னும் பெரிது. அதே சபையினரில் சுமார் 61,000 பேரை வைத்து 2009இல் வந்த ஆய்வில், இறைச்சி சாப்பிடுவோரில் 7.6 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது; பாலும் முட்டையும் சேர்க்கும் மரக்கறிக்காரரில் 3.2 சதவீதம்; எந்த விலங்குணவும் சேர்க்காதவரில் 2.9 சதவீதம்.

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் ஆய்வு கொஞ்சம் சிக்கலான படத்தைத் தருகிறது. 48,188 பேரை அடிப்படையாகக் கொண்டு 2019இல் வந்த அந்த முடிவின்படி, பத்து ஆண்டுகளில் ஆயிரம் மரக்கறிக்காரருக்கு இதயக் குருதிக்குழாய் நோய் பத்துப் பேர் அளவில் குறைந்தது. ஆனால் பாரிசவாதம் மூன்று பேர் அளவில் கூடியது. காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. மிகக் குறைந்த கொலஸ்ட்ரோலும் விற்றமின் பி12 குறைபாடும் பேசப்படுகின்றன. கூட்டிக் கழித்தால் இலாபம்தான். எனினும் அந்த மூன்று பேரை மறைத்துவிட்டு மரக்கறியைப் புகழ்வது நேர்மையாகாது.

இறைச்சிப் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. 2015 ஒக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், சொசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. நாளொன்றுக்கு 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அதன் மதிப்பீடு. பிள்ளைகளின் மதியப் பெட்டிக்குள் வெட்டிப் பொரித்த சொசேஜ் வைப்பது கொழும்பில் சாதாரணமாகிவிட்ட இந்த நாளில், பெற்றோர் தெரிந்திருக்க வேண்டிய எண் இது.

இனி தட்டுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மதியம் சோற்றைச் சுற்றி என்னென்ன இருக்கும்? மைசூர்ப் பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வெண்டிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், முருங்கையிலை வறை அல்லது வல்லாரைச் சம்பல், சொதி, தயிர். இந்த வரிசையில் வெண்டிக்காயைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அதை வெட்டும்போது கத்தியில் இழையும் வழுவழுப்பு, நீரில் கரைந்து கூழாகும் நார்ச்சத்து. ஈரல் கொலஸ்ட்ரோலைக் கொண்டு பித்த அமிலங்களைச் செய்து, கொழுப்பைச் சமிக்கச் செய்வதற்காகக் குடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் குடல் அவற்றில் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சி ஈரலுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். இந்த வழுவழுப்பு இடையில் புகுந்து பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்ததை ஈடுசெய்ய ஈரல் குருதியிலிருந்து கொலஸ்ட்ரோலை எடுத்தாக வேண்டும். கெட்ட கொலஸ்ட்ரோல் என்று நாம் சொல்கிற எல்டிஎல் குறைகிறது.

கனடாவின் டொரொன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் இதைப் பரிசோதித்துக் காட்டினார். 2003இல் வெளியான அந்த ஆய்வில் 46 பேர் பங்குபற்றினார்கள். ஒரு பகுதியினருக்குக் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் லோவஸ்ரற்றின் மாத்திரை கொடுக்கப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு மாத்திரை இல்லை. வெண்டிக்காய், கத்தரிக்காய், ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம் என்று தேர்ந்தெடுத்த மரக்கறி உணவு. ஒரு மாத முடிவில் மாத்திரைக்காரருக்கு எல்டிஎல் 30.9 சதவீதம் குறைந்தது. உணவுக்காரருக்கு 28.6 சதவீதம். வெள்ளவத்தைச் சந்தையில் கிலோ கணக்கில் குவிந்து கிடக்கும் இரண்டு காய்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. வைத்தியர் தந்த மாத்திரையை இதை வாசித்துவிட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது. அந்த உணவு எடைபோட்டு அளந்து கொடுக்கப்பட்டது. ஆனால் வெண்டிக்காயைக் கறிகளில் கடைசி வரிசையில் வைத்திருந்த வீடுகள் அதை முன்னுக்குக் கொண்டுவர நல்ல காரணம் உண்டு.

சமிபாடடையாமல் மிஞ்சும் நார்ச்சத்தின் கதை பெருங்குடலில் நடக்கிறது. அங்கே வாழும் பற்றீரியாக்களுக்குப் பருப்பின் தோலும் கீரையின் தண்டும்தான் சாப்பாடு. அவை இவற்றை நொதிக்கவைத்து பியூட்டிரேற்று என்ற சிறிய கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுவே. அழற்சியை அடக்கவும் அது உதவுகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் வாழும் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். கிராமத்தவருக்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவு. அமெரிக்கருக்கு நார்ச்சத்து மிகுந்த தானிய, பயறுணவு. இரண்டே வாரத்தில் அமெரிக்கரின் குடலில் பியூட்டிரேற்று இரண்டரை மடங்கானது. குடல்சுவரில் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் அறிகுறிகள் தணிந்தன. கிராமத்தவருக்கு எல்லாம் எதிர்த்திசையில் போனது. உடம்பு இவ்வளவு விரைவில் திருந்தவும் கெடவும் கூடியது என்பது இந்த ஆய்வில் மிக நம்பிக்கை தருகிற செய்தி.

“மீன் இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சத்து எப்படி?” என்ற கேள்வியை ஒவ்வொரு பாட்டியும் கேட்பார். நியாயமான கேள்விதான், இலங்கையர் பெறுகிற விலங்குப் புரதத்தில் பாதிக்கு மேல் மீனிலிருந்து வருகிறது. பதில் பருப்பில் இருக்கிறது. 100 கிராம் உலர்ந்த மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். உழுந்திலும் பயறிலும் அதே அளவு. சோயா அவரையில் 36 கிராம் வரை. சோற்றின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெதியோனின் குறைவு, அரிசியில் அது போதிய அளவு உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. சோறும் பருப்பும், தோசையும் சாம்பாரும், பயறு போட்ட பொங்கலும் என்று நம் சமையல் இந்தச் சேர்க்கையை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டாக வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் பிரான்சிஸ் மூர் லப்பே 1971இல் எழுதிய நூல் அந்த எண்ணத்தைப் பரப்பியது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். காலையில் கடலையும் மதியம் சோறும் சாப்பிட்டாலும் உடம்பு சேர்த்துக்கொள்ளும்.

பிரச்சினை சோற்றின் அளவில் தொடங்குகிறது.

2008இல் வெளியான நாடளாவிய ஆய்வில் இலங்கை வயது வந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது, நகரங்களில் 16.4 சதவீதம். அதற்குப் பத்தாண்டு கழித்து நடந்த கணக்கெடுப்பில் நாடு முழுவதுக்குமே ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டது. சீனி வருத்தம் மரக்கறி வீடு, மச்ச வீடு என்று பார்ப்பதில்லை. அட்வென்டிஸ்ட் மரக்கறிக்காரருக்கு நீரிழிவு பாதியாகக் குறைந்ததே, வெள்ளவத்தை மரக்கறிக்காரரை அது ஏன் அப்படிக் காக்கவில்லை? தட்டைப் பார்த்தால் தெரியும். நடுவில் தீட்டிய வெள்ளைச் சம்பா மலைபோல் கிடக்கிறது. பருப்பு ஒரு கரண்டி, கீரை ஒரு சிட்டிகை. தவிடு நீக்கிய அரிசியின் மாப்பொருள் விரைவாக குளுக்கோசாக உடைந்து குருதிக்குள் பாய்கிறது. அதை அடக்க கணையம் இன்சுலினைக் கொட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் கணையம் களைத்துப்போகும்.

சென்னையில் நீரிழிவு ஆய்வில் பெயர்பெற்ற வைத்தியர் வி. மோகனின் குழுவினர் பங்குபற்றிய 21 நாட்டு ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. அதில் 1,32,373 பேர் இருந்தார்கள். நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுவோருக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுவோரைவிட நீரிழிவு வருகிற வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். தெற்காசியரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அது 61 சதவீதம். 450 கிராம் என்பது மூன்று கோப்பைச் சோறு. கொழும்பில் ஒரு மதியப் பார்சலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த எல்லையை எட்டுவது எவ்வளவு எளிது என்று விளங்கும்.

அமெரிக்காவில் 2017இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு இதையே வேறு வழியில் உறுதிசெய்தது. முழுத்தானியம், பருப்பு, காய்கறி, பழம், கொட்டைகள் நிறைந்த தாவர உணவு இதய நோய் வாய்ப்பை 25 சதவீதம் குறைத்தது. தீட்டிய மா, சீனி, இனிப்புப் பானம் நிறைந்த தாவர உணவு அதை 32 சதவீதம் கூட்டியது. இரண்டும் தாவர உணவுதான். வெள்ளைப் பாண், சீனி போட்ட பால்தேநீர், மா ரோல்ஸ், பூந்தி லட்டு எதிலும் ஓர் உயிர் கொல்லப்படவில்லை. குருதிக்குழாய்க்கு அந்தச் செய்தி எட்டுவதில்லை.

தேங்காயையும் விட்டுவிட முடியாது. ஓர் இலங்கையர் சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தேங்காய் சாப்பிடுகிறார். 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வந்த முடிவில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்தியது. மரக்கறிச் சாப்பாட்டில் கறிக்குக் கறி கட்டிப்பால் விடுகிற பழக்கம் உண்டு. பால்கறி ஒன்று, சம்பல் ஒன்று என்று நிறுத்தி, மற்றதை வறையாகவும் புளிக்குழம்பாகவும் வைத்தால் ருசியும் கெடாது.

திருத்தம் செய்வது கடினமில்லை. சிவப்பு நாட்டரிசிக்கும் குத்தரிசிக்கும் மாறுவது ஒன்று. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பையும் கடலையையும் ஏற்றுவது அதைவிடப் பெரியது. முன்பு சொன்ன அதே ஜென்கின்ஸ் 1980களின் தொடக்கத்தில் ஒரு விந்தையைக் கண்டார்: காலையில் பருப்பு சாப்பிட்டவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின்னர் ஏறுகிற சீனியும் குறைவாக இருந்தது. காலையில் அவித்த கௌப்பியோ கடலையோ ஒரு கோப்பை சாப்பிட்டால் அதன் பயன் மதியம் வரை நீளும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வருவது பிளேன்டீ. இலங்கையரிடம் அதை விடச் சொல்வது பாவம். நேரத்தை மாற்றச் சொல்லலாம். தாவரத்திலுள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கெனவே தயங்கித்தான் எடுத்துக்கொள்ளும். தேயிலையின் தனின்கள் அதைக் கட்டிப்போட்டுவிடும். தென்னாபிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் செய்து 1975இல் வெளியிட்ட ஆய்வு இதை நம் தட்டிலேயே அளந்து காட்டியது. சோறும் உருளைக்கிழங்கு வெங்காயச் சூப்பும் சாப்பிட்டபோது இரும்பில் 10.8 சதவீதம் உறிஞ்சப்பட்டது. தேநீரோடு சாப்பிட்டபோது 2.5 சதவீதம்தான். நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. விற்றமின் சி இதற்கு எதிர்வேலை செய்கிறது. வல்லாரைச் சம்பலுக்கு மேல் தேசிக்காய் பிழிகிற கை, அந்த இரும்பை உடம்பு எடுக்கக்கூடிய வடிவத்தில் வைத்திருக்கும் வேலையையும் செய்துவிடுகிறது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தால் போதும். மாதவிடாய்க் காலத்துப் பெண்களும் கர்ப்பிணிகளும் இதை மறக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பி12. எந்தக் கீரையிலும், எந்தப் பருப்பிலும், எந்தப் பழத்திலும் நம்பத்தகுந்த அளவில் இல்லாத விற்றமின் இது. அதைச் செய்யத் தெரிந்தவை பற்றீரியாக்கள் மட்டுமே. மாட்டின் இரைப்பையில் அவை செய்கின்றன. பாலில் நமக்கு வருகிறது. நம்முடைய பெருங்குடலிலும் செய்கின்றன. ஆனால் அதை உறிஞ்சும் இடம் அதற்கு முன்னாலுள்ள சிறுகுடலில் இருப்பதால் அந்த உற்பத்தி வீணாகிறது. ஒருநாள் தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம். ஈரல் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு மெல்லத்தான் தலைகாட்டும். பாதம் விறைக்கும், நடை தடுமாறும், ஞாபகம் மங்கும். வீட்டிலுள்ளவர்கள் வயதாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

இந்த விற்றமினும் அதன் உறவான போலிக் அமிலமும் கண்டுபிடிக்கப்பட்ட கதையில் நம் நாடுகளுக்கும் பங்குண்டு. 1928இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்த வைத்தியர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர்களான கர்ப்பிணிப் பெண்களிடம் கொடிய குருதிச்சோகை ஒன்றைக் கண்டார். குன்னூரிலும் பின்னர் சென்னையிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். நோயுற்ற குரங்கு ஒன்றுக்கு மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தபோது அது தேறியது, பெண்களும் தேறினார்கள். 1931இல் அதை வெளியிட்டார். மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் போலிக் அமிலம் என்பது பிறகு தெரியவந்தது. 1941இல் அதைப் பிரித்தெடுத்தது பசளிக்கீரையை ஒத்த ஸ்பினச் இலையிலிருந்து. பி12 தனியாகப் பிரிக்கப்பட்டது 1948இல். அதன் சிக்கலான மூலக்கூற்று வடிவத்தை 1956இல் விடுவித்தவர் டொரதி ஹொட்ஜ்கின். 1964இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வில்ஸின் கண்டுபிடிப்பு வெளிவந்து நான்கு ஆண்டுக்குள் மார்மைட் இலங்கைக் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1934, 35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோயில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் உதவிக்குப் போன இடமெல்லாம் பசியும் சத்துக்குறைவும் நோயைவிட முன்னால் நிற்பதைக் கண்டார்கள். மார்மைட்டை உருட்டிக் குளிசையாக்கிக் கொடுத்தார்கள், பருப்பையும் பகிர்ந்தார்கள். பருப்பு கொடுத்த என்.எம். பெரேராவை மக்கள் ‘பரிப்பு மாத்தயா’ என்றே அழைத்தார்கள். பின்னாளில் நாட்டின் நிதியமைச்சரானவர் அவர். ஒரு கரண்டி பருப்பின் அருமையை இலங்கை வரலாறு இதைவிடத் துலக்கமாகப் பதிந்திருக்கிறதா தெரியவில்லை.

இன்றைய மரக்கறிக்காரர் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கீரை நிறையச் சாப்பிடுகிறவரின் உடம்பில் போலிக் அமிலம் நிறைய இருக்கும். பி12 குறைந்தால் வரவேண்டிய குருதிச்சோகையை அது மூடிமறைத்துவிடலாம். இரத்தப் பரிசோதனை நன்றாகத் தெரியும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டிருக்கும். நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்களுக்குப் பி12 உறிஞ்சப்படுவது மேலும் குறைகிறது. மரக்கறி, நீரிழிவு, மெற்போமின் மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்த முதியவர்கள் வெள்ளவத்தை மாடிவீடுகளில் எத்தனையோ பேர். நாளுக்கு ஒரு கோப்பைத் தயிரும் ஒரு குவளைப் பாலும் தேவையின் பெரும்பகுதியைத் தரும். தேநீரில் கரைக்கிற ஒரு கரண்டி பால்மா தராது. பாலும் தொடாதவர் மாத்திரை எடுத்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட தாய் கர்ப்பமாகவோ பாலூட்டியாகவோ இருந்தால் ஒருநாள்கூட அதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் பிள்ளையின் மூளை வளர்வது அந்த விற்றமினை நம்பித்தான். மார்மைட் போத்தலை எடுப்பவர்கள் பி12 சேர்க்கப்பட்டதா என்று லேபிளைப் பார்த்து எடுக்கட்டும்.

விரும்பி ஏற்பது வேறு, வேறு வழியின்றி விழுவது வேறு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. மீனும் கோழியும் முட்டையும் கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீடுகளிலிருந்து மறைந்தன. கூடவே பருப்பும் குறைந்தது. சோறும் சம்பலும் சாப்பிட்டவர்களையும் கணக்கில் மரக்கறிக்காரர் என்று எழுதலாம்தான். ஆனால் மேலே சொன்ன எந்த நன்மையும் அந்தத் தட்டுக்கு வராது. மரக்கறியின் பயனைப் பேசுகிற எவரும் பருப்பின் விலையையும் பேசியாக வேண்டும்.

நாம் தின்கிற மைசூர்ப் பருப்பு ஏறத்தாழ முழுவதும் கப்பலில் வருகிறது, பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும். டொலர் இல்லாமல் போனால் பருப்பும் இல்லை. ஆனால் வவுனியாவிலும் அனுராதபுரத்திலும் உழுந்து விளைகிறது, அம்பாறையிலும் மொனராகலையிலும் கௌப்பி விளைகிறது. இந்தச் செடிகளின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் றைசோபியம் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பதால் யூரியா அதிகம் வேண்டியதில்லை. 2021 மேயில் இரசாயன உரத்துக்குத் தடை வந்து நெல் வயல்கள் வாடிய அந்தப் பருவத்தை நினைத்தால் இதன் பெறுமதி புரியும். நிலக் கணக்கும் இதன் பக்கம்தான்: 119 நாட்டுப் பண்ணைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, உலக விவசாய நிலத்தில் 83 சதவீதத்தை விலங்குணவு பிடித்துக்கொண்டு 37 சதவீதப் புரதத்தை மட்டும் தருகிறது என்று காட்டியது. பயறும் கௌப்பியும் அறுபது, எழுபது நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பெரும்போக நெல் வெட்டிய பின், சிறுபோகம் தொடங்குமுன் வயலில் மிஞ்சியிருக்கிற ஈரத்திலேயே இடைப்போகமாக ஒரு பயற்றை எடுத்துவிடலாம். அதன் வேர் விட்டுச்செல்லும் நைதரசன் அடுத்து விதைக்கிற நெல்லுக்கும் உதவும்.